கவிழ்த்துப் பார்த்து வாங்க வேண்டிய சாமான்: பழைய டேனிஷ் மர ஸ்டூல்

தமிழில் உட்காரும் சாமானுக்குக் காலை எண்ணித்தான் பெயர் வைத்திருக்கிறோம். நான்கு கால் என்றால் நாற்காலி, மூன்று என்றால் முக்காலி. டென்மார்க்காரர்கள் உபயோகத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். கால் நீட்டி வைக்கும் குட்டை ஸ்டூல் 'ஸ்கமெல்'. உட்காருவதற்கான முதுகில்லாத ஸ்டூல் 'டபுரெட்'. பால் கறக்கப் போட்டுக்கொள்வது 'மால்கெஸ்கமெல்'. செருப்புத் தைப்பவர் உட்கார்ந்து வேலை செய்வது 'ஸ்கோமேயர்ஸ்டோல்'. பழைய டேனிஷ் ஸ்டூல் சேகரிக்க இறங்குகிறவர் முதலில் இந்த நான்கு சொற்களையும் கற்றுக்கொள்வது நல்லது. ஆங்கிலத்தில் தேடினால் ஏற்கெனவே இரண்டு மூன்று வியாபாரிகள் கைமாறி, பளபளப்பேற்றி, பெயர் ஒட்டி வைத்த சரக்கு வரும். டேனிஷ் சொல்லில் தேடினால், பாட்டி வீட்டைக் காலி செய்கிற குடும்பம் மங்கலாகப் படம் எடுத்துப் போட்ட சரக்கு வரும். விலை வித்தியாசம் அங்கேயே தொடங்குகிறது.

புகழ்பெற்ற டேனிஷ் நாற்காலியை அடையாளம் காண்பது பெரிய வித்தை இல்லை. அதன் முதுகுச் சாய்வும் கைப்பிடி வளைவும் தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டூலுக்கு முதுகும் இல்லை, கையும் இல்லை. ஒரு பலகை, மூன்று நான்கு கால்கள், இருந்தால் குறுக்கே ஒரு சட்டம். இவ்வளவு எளிய சாமானை யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம், யார் பெயரை வேண்டுமானாலும் அதில் ஒட்டலாம். ஸ்டூல் சந்தையில் வடிவமைப்பாளர் பெயர் பல நேரம் விற்பவரின் ஆசைதான். மரமும் இணைப்பும் அடிப்பாகமும் பெயரைவிட நம்பகமான சாட்சிகள்.

போர் விட்டுப்போன தடயம்

சேகரிப்பாளர்கள் தேடும் ஸ்டூல்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ 1940-லிருந்து 1970-க்குள் செய்யப்பட்டவை. கோபன்ஹேகன் தச்சர் சங்கம் 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் ஒரு கண்காட்சி நடத்தியது. ஒரு வடிவமைப்பாளரும் ஒரு பட்டறையும் ஜோடி சேர்ந்து அந்தக் கண்காட்சிக்கென்று புதிய சாமான்களைச் செய்துகாட்டுவார்கள். கைவேலை உச்சத்தில் இருந்த இடம் அது. அங்கே அறிமுகமானவற்றில் பல சில டஜன்களுக்கு மேல் செய்யப்படவே இல்லை.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மானியப் படை டென்மார்க்கைப் பிடித்தது. 1945 மே 5 வரை அந்தப் பிடி நீடித்தது. வெளிநாட்டு மரம் வருவது நின்றது. நாற்காலி இருக்கை பின்னப் பயன்பட்ட கடற்புல் கயிறும் வரவில்லை. தச்சர்கள் உள்ளூர் பீச், ஓக், ஆஷ் மரங்களுக்குத் திரும்பினார்கள். கடற்புல்லுக்குப் பதிலாகக் காகிதத்தை முறுக்கிக் கயிறு செய்தார்கள். தற்காலிக ஏற்பாடாக வந்த காகிதக் கயிறு போர் முடிந்ததும் போய்விடவில்லை. இன்று டேனிஷ் சாமான் என்றாலே அந்தக் கயிறுதான் பலருக்கு நினைவு வருகிறது. எஃப்.டி.பி. என்ற நுகர்வோர் கூட்டுறவு அமைப்பு சாதாரணக் குடும்பங்களுக்கு மலிவான, உறுதியான சாமான் செய்யத் தொடங்கியதும் இதே காலத்தில்தான். அதன் வடிவமைப்புப் பிரிவை 1942 முதல் 1950 வரை போர்கே மோகென்சென் நடத்தினார். அவருடைய 1947-ஆம் ஆண்டு ஜே39 நாற்காலியின் சட்டமும் கயிறும் பல ஸ்டூல்களுக்கு முன்மாதிரி ஆயின.

தேக்கு வெள்ளமாக வந்தது 1950-களில்தான். சயாமிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அந்த மரத்தின் ஆங்கிலப் பெயர் நம் பக்கத்துச் சொல். 'தேக்கு' போர்த்துகீசியர் வாயில் 'டேக்கா' ஆகி, ஆங்கிலத்தில் 'டீக்' ஆனது. ஆகவே ஒருவர் 1943-இல் செய்த தேக்கு ஸ்டூல் என்று விற்றால், அந்த வருடத்தில் அந்தத் தேக்கு எப்படிக் கோபன்ஹேகன் சேர்ந்தது என்று கேட்க வேண்டும். பழைய இருப்பாக இருக்கலாம். பெரும்பாலும் பத்து வருடம் கழித்துச் செய்ததாக இருக்கும்.

எதைத் தேடுகிறார்கள்

மோகென்ஸ் லாஸென் 1942-இல் ஒரு கண்காட்சிக்காக வரைந்த மூன்று கால் ஸ்டூல் எம்.எல்.42. செருப்புத் தைப்பவரின் ஸ்டூலை எடுத்து இளைக்க வைத்த வடிவம் அது. குழித்த இருக்கை, மெலிந்த கடைசல் கால்கள், குறுக்குச் சட்டம் கிடையாது. இப்போது மறுபதிப்பாகவும் விற்கிறார்கள். மறுபதிப்பு போலி அல்ல, முறையான உரிமத்தோடு செய்வதுதான். ஆனால் பத்து வருடம் வீட்டில் புழங்கிய மறுபதிப்பைப் பழைய ஸ்டூல் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

மடிக்கும் ஸ்டூல்களில் மிகச் சுவையான கதை குல்ட்ஹோய் ஸ்டூலுக்கு உண்டு. டென்மார்க்கின் யூட்லாந்து தீபகற்பத்தின் தெற்கே வாம்ட்ரூப் அருகே குல்ட்ஹோய் என்ற வெண்கலக்காலப் புதைமேட்டை 1891-இல் தோண்டியபோது, ஓக் சவப்பெட்டிக்குள் ஆஷ் மரத்தாலான மடிக்கும் ஸ்டூல் ஒன்று கிடைத்தது. நீர்நாய்த் தோல் இருக்கையின் எச்சமும் இருந்தது. சவப்பெட்டி மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிக் கி.மு. 1389 என்று காலம் கணித்தார்கள். வாம்ட்ரூப்பிலேயே பட்டறை வைத்திருந்த போல் ஹுண்டெவாட், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அதே ஸ்டூலைத் தேக்கிலும் பிற மரங்களிலும் தோல் இருக்கையோடு செய்து விற்றார். சேகரிக்கத் தொடங்குபவருக்கு இது நல்ல தேர்வு. அடிக்கடி சந்தைக்கு வருகிறது, வடிவம் குழப்பமில்லாதது, தோல் கிழிந்திருந்தாலும் மரம் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

ஓலெ வான்ஷர் 1957-இல் வரைந்த எகிப்திய ஸ்டூலை ஏ.ஜே. இவெர்சென் பட்டறை ரோஸ்வுட்டிலும் தோலிலும் செய்தது. இது வேறு உலகம், வேறு விலை. காரெ கிளின்ட் 1930-இல் வரைந்த புரொபெல்லர் ஸ்டூலும் அப்படியே. மடித்தால் இரண்டு கால்களும் ஒன்றோடொன்று முறுக்கிப் பொருந்தி ஒரே உருளைக் கம்பு போல ஆகிவிடும். அந்தப் பொருத்தத்தில் இடைவெளி தெரிந்தால் மரம் திருகிவிட்டது என்று பொருள். அதைச் சரிசெய்ய வழி கிடையாது.

பார் ஸ்டூல் என்றால் எரிக் பூக் வடிவமைத்த ஓ.டி.61. சிறு முதுகு, கால் வைக்க முன்பக்கச் சட்டம், தேக்கு அல்லது ரோஸ்வுட். செய்த நிறுவனம் ஒடென்ஸெ மாஸ்கின்ஸ்னெட்கெரி. இந்த ஒடென்ஸெ, யூட்லாந்தின் சாலிங் பகுதியில் உள்ள சிற்றூர். ஆனால் பல விற்பனைக் குறிப்புகள் அதை ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் பிறந்த ஓடென்ஸ நகரமாக்கி எழுதுகின்றன. டேனிஷில் எழுதினால் ஓர் எழுத்துதான் வித்தியாசம். இதைச் சரியாக எழுதுகிற வியாபாரி சாமானைக் கவிழ்த்து முத்திரையைப் படித்திருக்கிறார் என்று நம்பலாம்.

நன்னா டிட்செல் 1962-இல் வரைந்த 'டிரிஸ்ஸெ' ஸ்டூல்கள் இன்னொரு ரகம். நூல்கண்டு உருளை போன்ற வடிவம், ஓரெகான் பைன் கட்டையில் கடைந்தது, குழந்தைகள் உருட்டி விளையாட. முழுக் கட்டையில் கடைந்ததால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் வெடிப்பு இவற்றில் சகஜம். மெல்லிய வெடிப்பைக் குறையாக யாரும் எண்ணுவதில்லை. விரல்நகம் நுழையும் அளவுக்கு இருந்தால் பேரம் பேசலாம். மெழுகும் மரத்தூளும் வைத்து அடைத்திருந்தால் எச்சரிக்கை தேவை.

இவற்றுக்கு அப்பால்தான் பெரும் சந்தை இருக்கிறது: முத்திரை இல்லாத, பெயர் தெரியாத ஸ்டூல்கள். டேனிஷ் ஏலக் குறிப்புகளில் 'டான்ஸ்க் மோபெல்ப்ரொடுசென்ட்' என்று போட்டிருப்பார்கள். டேனிஷ் மரச்சாமான் தயாரிப்பாளர் என்று அர்த்தம், அதாவது யார் செய்தது என்று தெரியாது. பெயர் இல்லாததால் விலை இறங்கிக் கிடக்கிறது. வேலைப்பாடு பல நேரம் பெயருள்ளவற்றுக்குச் சளைத்ததில்லை. மரம் படிக்கத் தெரிந்தவருக்கு லாபம் இங்கேதான்.

டேனிஷ் என்ற பெயரில் விற்கும் மற்ற நாட்டுச் சரக்கும் நிறைய. எல் வடிவில் வளைத்த பிர்ச் கால்களோடு இருந்தால் அது அல்வார் ஆல்டோவின் 1933-ஆம் ஆண்டு ஃபின்லாந்து ஸ்டூல், அல்லது அதன் நகல். ஓக்கும் தடித்த தோலும் சேர்ந்த குட்டை ஸ்டூல் ஸ்வீடனின் விட்ஷோ ஊரில் இருந்த லக்ஸஸ் நிறுவனத்துடையதாக இருக்கலாம். இரண்டுமே நல்ல சாமான்கள்தான். ஆனால் டேனிஷ் அல்ல.

கவிழ்த்தால் தெரிவது

ஸ்டூலைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், அதைக் கவிழ்ப்பது. நேரில் பார்க்க முடியாவிட்டால் அடிப்பாகத்தின் படத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அனுப்ப மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பதே மேல்.

முத்திரை இருந்தால் அதுவே ஒரு நாட்காட்டி. பிரான்ஸ் அண்ட் டாவெர்கோசென் என்றிருந்தால் 1957-க்கு முந்தியது. அந்த ஆண்டில் நிறுவனம் பிரான்ஸ் அண்ட் சன் என்று பெயர் மாறியது. ஆங்கிலத்தில் 'மேட் இன் டென்மார்க்' என்று சூடு போட்டிருந்தால் ஏற்றுமதிக்குப் போனது. உள்ளூரில் விற்றவற்றில் பல எந்தக் குறியும் இல்லாமல் வந்திருக்கலாம், ஆகவே முத்திரை இல்லாதது குற்றமல்ல. முத்திரையே போலியாகவும் இருக்கலாம். உண்மையான சூட்டு முத்திரை மரத்துக்குள் பதிந்து, ஓரம் சற்றுக் கருகி, அறுபது வருட அழுக்கு பள்ளத்தில் படிந்திருக்கும். லேசரில் எரித்தது கத்தியால் கீறியதுபோலக் கூர்மையாக, உள்ளே சுத்தமாக இருக்கும்.

அடுத்தது நிறம். அடிப்பாகத்தில் எண்ணெயோ வார்னிஷோ படாத மரம் காற்றுப் பட்டுத் தானாக மங்கிப் பழுப்பேறும். அந்தப் பழுப்பு எங்கும் ஒன்றுபோல இருக்காது. கால் பலகையில் நுழையும் இடத்தில் ஒரு நிழல், சட்டம் மறைத்த இடத்தில் வெளிர் பட்டை, கை பிடித்துத் தூக்கும் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு என்று திட்டுத் திட்டாக இருக்கும். அடிப்பாகம் முழுக்க ஒரே சீராகப் பழுப்பாக இருந்தால் யாரோ சாயம் பூசியிருக்கிறார்.

வட்ட இருக்கையாக இருந்தால் ஒரு டேப் போதும். மரம் உலரும்போது ரேகையின் குறுக்கே சுருங்கும், ரேகையின் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்கவே சுருங்காது. கடைசலில் கச்சிதமான வட்டமாக இருந்த 35 சென்டிமீட்டர் பீச் இருக்கை, பல வருடம் வெப்பமூட்டிய வீட்டில் கிடந்தால் ரேகையின் குறுக்கே 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை குறுகியிருக்கும். தேக்கு அதில் பாதிதான் சுருங்கும். இரண்டு வாக்கிலும் அளந்து பாருங்கள். இரண்டும் துல்லியமாகச் சமமாக இருந்தால், மரம் கடைசலிலிருந்து இறங்கி அதிக நாள் ஆகவில்லை என்று சந்தேகிக்கலாம். ஒட்டுப்பலகைக்கும், மெல்லிய மரத்தாள் ஒட்டிய வெனீர் பலகைக்கும் இந்தச் சோதனை பொருந்தாது.

திருகுகளையும் பார்க்க வேண்டும். 1950-களின் சாமானில் நேர்ப் பள்ளம் வெட்டிய தலைதான் வழக்கம். நட்சத்திரத் தலைத் திருகு இருந்தால் பிற்காலத்தில் யாரோ கை வைத்திருக்கிறார். அது விலக்கிவிடக் காரணமல்ல, விலை குறைக்கக் காரணம்.

கடைசியாகக் கால் நுனி. உண்மையான தேய்மானம் வெளி விளிம்பில் உருண்டிருக்கும், நுனியின் குறுக்கு வெட்டில் அழுக்கு ஏறிக் கறுத்திருக்கும். பார் ஸ்டூல்களில் பெரிய மோசம், காலை வெட்டிக் குட்டையாக்குவது. பார் மேசைக்கு இருக்கை உயரம் 75 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். சமையலறை மேடைக்கு 65 போதும். புதிய வீட்டின் மேடைக்கு ஏற்ப முந்தைய உரிமையாளர் பத்து சென்டிமீட்டரை அறுத்துத் தள்ளியிருப்பார். கால் நுனி வெளிறிய புது மரமாக இருந்தாலோ, கால் வைக்கும் சட்டம் தரைக்கு மிக நெருங்கி வந்திருந்தாலோ அதுதான் நடந்திருக்கிறது. நான்கு கால்களின் அளவையும் கேளுங்கள். ஒன்று மட்டும் 4 மில்லிமீட்டர் குட்டை என்றால், ஆட்டத்தை நிறுத்த யாரோ அரத்தால் தேய்த்திருக்கிறார். மூன்று கால் ஸ்டூலுக்கு இந்தத் தொல்லை இல்லை. எந்தத் தரையிலும் ஆடாது. அதனால்தான் மாட்டுத் தொழுவத்தில் மூன்று கால் வைத்தார்கள். ஆனால் ஓரத்தில் உட்கார்ந்தால் கவிழ்த்துவிடும். குழந்தைகள் ஏறி நிற்க அது ஏற்றதல்ல.

ரோஸ்வுட் என்றால் காகிதம்

விற்பனைக் குறிப்பில் 'பாலிசாண்டர்' என்று இருந்தால் ரோஸ்வுட். 1960-களில் அதில் பெரும்பகுதி பிரேசில் மரம். 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில், பிரேசில் ரோஸ்வுட் இருக்கிறது. 2017 ஜனவரி 2 முதல் அந்தப் பேரினம் முழுவதுமே, நம் தோதகத்தி உட்பட, கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1947-க்கு முன் செய்த சாமானுக்குத்தான் பழம்பொருள் என்ற விலக்கு. 1960-களின் பிரேசில் ரோஸ்வுட் ஸ்டூலை வணிகமாக விற்கவே சான்றிதழ் வேண்டும். ஒன்றியத்துக்கு வெளியே அனுப்ப ஏற்றுமதி அனுமதியும் வேண்டும். 'சின்ன ஸ்டூல்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்' என்று சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். சுங்கத்தில் சாமான் பறிபோவது வாங்கியவருக்குத்தான். சான்றிதழ் கைக்கு வராமல் பணம் அனுப்ப வேண்டாம். சில ஸ்டூல்கள் சான்டோஸ் பாலிசாண்டர் என்ற வேறு இன மரத்தில் செய்தவை. ஆனால் படத்தைப் பார்த்து அதை உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது.

ஆட்டம் கண்ட கால்

நல்ல ஸ்டூலில் காலின் தலை பலகையை ஊடுருவி மேலே வந்து, அதில் ஆப்பு அடித்திருக்கும். ஆப்பு எந்த வாக்கில் இருக்கிறது என்று பாருங்கள். இருக்கைப் பலகையின் ரேகைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். ரேகையோடு ஒத்த வாக்கில் அடித்தால் ஆப்பே பலகையைப் பிளந்துவிடும். தொழில் தெரிந்த கையா, அவசரக் கையா என்று இந்த ஒரு கோடு சொல்லிவிடும்.

ஆடும் காலைப் பார்த்ததும் ஓட்டையில் பசையை ஊற்றுவது பெரும்பாலோர் செய்யும் தவறு. பழைய பசையின் மேல் புதிய பசை பிடிக்காது. சில மாதத்தில் மறுபடி ஆடும், அடுத்த முறை கழற்றுவது இரண்டு மடங்கு சிரமமாகும். முறையாகச் செய்வதென்றால் இணைப்பை முழுக்கப் பிரிக்க வேண்டும். பழைய சாமானில் வச்சிரம், அதாவது விலங்குத் தோல் காய்ச்சிய பசை, இருந்தால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றி வைத்தால் இளகிவிடும். 1950-களுக்குப் பிறகு வெள்ளைப் பசை புகுந்துவிட்டது. அதற்குச் சூடும் வினிகரும் பொறுமையும் வேண்டும். ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டி எடுங்கள். எடுக்கும் முன் ஒவ்வொரு காலுக்கும் அதன் துளைக்கும் பென்சிலால் எண் போட்டுவிடுங்கள். கையால் பொருத்திய சாமானில் ஒரு காலின் கழுந்து, அதாவது துளைக்குள் நுழையும் முனை, இன்னொரு துளையில் சரியாக உட்காராது. பசையைச் சுரண்டும்போது மரத்தைச் சுரண்டிவிடக் கூடாது. கழுந்து அரை மில்லிமீட்டர் இளைத்தாலும் பிடிப்புப் போய்விடும். இளைத்துப்போயிருந்தால் அதே இன மரத்தின் மெல்லிய சீவலை ஒட்டித் தடிக்க வைக்கலாம். ஒட்டும்போது மறுபடி வச்சிரமே நல்லது. அடுத்த தலைமுறையும் பிரிக்க முடியும். க்ளாம்ப் போட்டு 24 மணி நேரம் விட்டுவிட வேண்டும், அதற்குள் யாரும் உட்காரக் கூடாது.

எபாக்சி வேண்டாம். ஆணி வேண்டவே வேண்டாம்.

காகிதக் கயிறு

டேனிஷ் காகிதக் கயிறு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமன். பழுப்புக் காகிதத்தை முறுக்கி, மூன்று புரியாகத் திரித்தது. சந்தேகமாக இருந்தால் அடியில் தொங்கும் நுனியை நனைத்துப் பிரித்துப் பாருங்கள், காகிதமாக விரியும். பின்னல் இரண்டு வகை. ஒன்று, கயிற்றைச் சட்டத்தைச் சுற்றி எடுத்து நான்கு மூலைகளிலிருந்தும் முக்கோணங்களாக நடுவில் சந்திக்க வைப்பது. மற்றது, சட்டத்தின் உட்பக்கத்தில் எல் வடிவ ஆணிகள் அடித்து, அதில் கொக்கி போல மாட்டிப் பாவும் ஊடுமாக நெய்வது. 1944-இல் தொடங்கிய ஜே.எல். மோலர் தொழிற்சாலையின் நாற்காலிகளும் ஸ்டூல்களும் இந்த இரண்டாம் வகை.

கயிறு அறுவது நடுவில் அல்ல, சட்டத்தின் விளிம்பில் மடங்கும் இடத்தில்தான். முக்கோணப் பின்னலில் ஓர் இழை அறுந்தால் அந்தப் பக்கம் முழுக்கத் தளரும், ஒட்டுப்போட வழியில்லை. மறுபடி பின்ன வேண்டியதுதான். ஒரு ஸ்டூலுக்குச் சுமார் ஒரு கிலோ கயிறு பிடிக்கும். பழகிய கைக்கே ஒரு நாள் வேலை. ஆகவே கயிறு போன ஸ்டூலை வாங்கும்போது பின்னல் கூலியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பல நேரம் ஸ்டூலின் விலையைவிடக் கூலி கூடிவிடும். இரண்டாம் வகையில் ஆணிகளைப் பிடுங்கி எறியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துருப்பிடிக்காதவற்றை மறுபடி பயன்படுத்தலாம், பழைய ஆணியோடு இருப்பதற்குத் தனி மதிப்பும் உண்டு. அழுக்குக் கயிற்றை ஈரத்துணியால் துடைத்தால் போதும். நனைய விட்டால் முறுக்கு தளர்ந்து இருக்கை தொங்கிப்போகும்.

தமிழ்நாட்டுக்கோ கொழும்புக்கோ கொண்டுவருபவர் ஒன்றை மறக்கக் கூடாது. அது காகிதம். ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் விருந்து. சுவரோரம், ஈரத் தரை இரண்டுக்கும் தள்ளி வைக்க வேண்டும். நம் கடலோர ஈரப்பதத்தில் மரம் ஊதி, ஆடும் இணைப்பு இறுகிவிட்டதுபோலத் தோன்றும். அதை நம்பி ஏ.சி. அறையில் வைத்தால் மறுபடி ஆடும்.

மேற்பூச்சு

அறுபது வருடப் பழைய ஸ்டூலை ஒரே மதியத்தில் கெடுக்க இயந்திர உப்புத்தாள் போதும். கை பட்டுக் கை பட்டு மழுங்கிய விளிம்பு, வெயில் பட்டுத் தேன் நிறமான தேக்கு, எல்லாம் பத்து நிமிடத்தில் போய்விடும். பிறகு அது பழைய மரத்தில் செய்த புது ஸ்டூல். வெனீர் ஒட்டிய இருக்கை என்றால் இன்னும் மோசம். வெனீரின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, ஒருமுறை ஊடுருவிவிட்டால் அடிப்பலகை தெரிந்துவிடும்.

தேக்குக்கு முதலில் வெள்ளை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்துப் பழைய மெழுகையும் பிசுக்கையும் எடுங்கள். பிறகு எண்ணெயை மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரம் விட்டு, உறிஞ்சாமல் நிற்பதை முழுக்கத் துடைத்து எடுக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு மாதக்கணக்கில் போகாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடக் கூடாது. தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

பீச்சுக்கும் ஓக்குக்கும் டேனிஷ் வழக்கம் சோப்பு. ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி தூய சோப்புச் சீவலைக் கரைத்து, ஆறியதும் துணியால் ரேகையோடு பூசித் துடைப்பார்கள். மரம் வெளிறிப் பட்டுப்போல ஆகும். ஈரம் பட்டு நார் எழும்பினால் ஒரு நாள் உலரவிட்டு 240 எண் உப்புத்தாளால் கையாலேயே லேசாகத் தடவினால் போதும். எண்ணெய் பூசிய மரத்துக்குச் சோப்பு வைத்தியம் வேலை செய்யாது. எது பூசியிருக்கிறது என்று காலின் உட்பக்கத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நின்றால் எண்ணெய் அல்லது வார்னிஷ், உடனே கறுத்து உறிஞ்சினால் சோப்பு அல்லது வெறும் மரம்.

எங்கே கிடைக்கும்

பெயருள்ள சாமானுக்குக் கோபன்ஹேகனில் 1948-இல் தொடங்கிய புரூன் ராஸ்முஸென் போன்ற ஏல நிறுவனங்கள் இருக்கின்றன. சுத்தியல் விழுந்த தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணம், அதன் மேல் வரி, பிறகு அனுப்பும் செலவு என்று ஏறிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் கூட்டிய பிறகே உச்ச விலையை முடிவு செய்யுங்கள். பெயரில்லாத சாமானுக்கு டி.பி.ஏ. என்ற இணைய விளம்பரச் சந்தையும், செஞ்சிலுவைச் சங்கமும் தேவாலய அமைப்புகளும் நடத்தும், பழைய பொருள் விற்கும் கென்ப்ரூ கடைகளும். டென்மார்க்கில் வாழும் ஈழத்தமிழர் பலருக்கு இந்தக் கடைகள் புதியவை அல்ல. அங்கே உறவினர் இருப்பவர்கள், ஸ்டூலைக் கவிழ்த்து நான்கு படம் எடுத்து அனுப்பச் சொல்வது எந்த ஏலக் குறிப்பையும்விட மேலான சான்று.

பார்சலில் கால்கள்தான் முதலில் உடையும். ஸ்டூலைத் தலைகீழாக, இருக்கை பெட்டியின் அடியில் படும்படி வைத்து, கால்களுக்கிடையே கெட்டியான அட்டையைக் குறுக்காகச் செருகிக் கட்டச் சொல்லுங்கள். குமிழ்த்தாளை நேரடியாக மரத்தின் மேல் சுற்றினால் எண்ணெய்ப் பூச்சில் குமிழ் வட்டங்கள் பதிந்துவிடும். முதலில் பருத்தித் துணி, அதன் மேல்தான் பிளாஸ்டிக்.

வந்து சேர்ந்ததும் பீச் கால்களையும் ஓக்கின் வெளிறுப் பகுதியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். 1 முதல் 2 மில்லிமீட்டர் வட்டத் துளைகள் இருந்தால் மரவண்டு. துளையின் உள்விளிம்பு கறுத்துத் தூசி படிந்திருந்தால் வண்டு எப்போதோ போய்விட்டது. வெளிர் நிறத் தூள் புதிதாக உதிர்ந்தால் இன்னும் உள்ளே இருக்கிறது. கறுப்புக் காகிதத்தின் மேல் ஸ்டூலை ஒரு வாரம் வைத்தால் தெரிந்துவிடும். வைத்தியம் விஷ மருந்து அல்ல, குளிர். பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 பாகையில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் அறையில் விடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த மரத்தின் மேல் நீர் வியர்க்கும். சோபாவுக்கு வண்டு வந்தால் இதைச் செய்ய முடியாது. குட்டை ஸ்டூல் என்றால் மீன் கடையில் இருக்கும் பெட்டி ஃப்ரீசரிலேயே காலோடு உட்கார்ந்துவிடும்.